மூக்குக் கண்ணாடியும் மணல் துகளும்

கொல்கத்தா நகரின் தென்பகுதியில், ராஷ்பிஹாரி அவென்யூவை ஒட்டி, லேக் மார்க்கெட் அமைந்துள்ளது. 1920-ஆம் ஆண்டுகளில் கல்கத்தா அபிவிருத்தி டிரஸ்ட் வெட்டுவித்த பெரிய ஏரி அருகில் இருப்பதால் அச்சந்தைக்கு அப்பெயர் வந்தது. அவ்வேரி இன்று ரவீந்திர சரோவர் என வழங்குகிறது. அலுவலகங்களில் எழுத்தர்களாகவும் சுருக்கெழுத்தாளர்களாகவும் பணியாற்ற வந்த தமிழ்க் குடும்பங்கள் இச்சுற்றுப்புறத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்துள்ளன. வாழையிலை, தொடுத்த பூச்சரம், முருங்கைக்காய், காப்பித்தூள் ஆகியவற்றை வங்காளத்தின் தலைநகரில் வாங்க வேண்டுவோர் இச்சந்தையை நாடுவது வழக்கம்.

இங்கே சிறிது நேரம் நின்று நோக்குவோருக்கு ஒரு செயல் மீண்டும் மீண்டும் கண்ணிற்படும். பூத் தொடுப்பவர், தையற்காரர், கணக்கெழுதும் கடைக்காரர், விலைச்சீட்டைப் படிக்க முயலும் முதியவர் ஆகியோர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவர், வேட்டித் தலைப்பாலோ புடவை முந்தானையாலோ இரண்டு தேய்ப்புத் தேய்ப்பர், மீண்டும் அணிந்துகொள்வர். நாளொன்றுக்கு ஐந்தாறு முறையேனும் நிகழும் இச்செயலே, அக்கண்ணாடி மூன்று ஆண்டுகள் உழைக்குமா, மூன்று மாதங்களில் மங்கிவிடுமா என்பதை நிர்ணயிக்கிறது. துணி மென்மையானது, வில்லையைக் கீறும் வலிமை பருத்தி இழைக்கு இல்லை. கீறுவது துணிக்கும் வில்லைக்கும் இடையே அகப்பட்டுக்கொண்ட மணல் துகள்.

மழையில்லாத குளிர்காலத்தில் நகரத்துத் தெருப்புழுதி எங்கும் படியும். அப்புழுதியில் குவார்ட்ஸ் என்னும் படிகக் கல்லின் நுண்பொடி கலந்துள்ளது. கனிப்பொருள்களின் கடினத்தை அளக்க மோஸ் என்பவர் வகுத்த வரிசையில் குவார்ட்ஸின் இடம் 7. சாதாரணக் கண்ணாடியின் இடம் ஏறக்குறைய ஐந்தரை. பிளாஸ்டிக்குகளோ அதற்கும் வெகு கீழே நிற்பவை. ஆகவே தெருப்புழுதி கண்ணாடியையும் கீற வல்லது. பிளாஸ்டிக்கை உழுதே விடும்.

இதனைச் சிறு தொல்லை என்று ஒதுக்குவதற்கில்லை. நாற்பது வயதைக் கடந்தோருக்கு வெள்ளெழுத்து ஏற்படுவது இயற்கை. உரிய கண்ணாடி கிடைக்காமையால் அண்மைப் பார்வை குன்றியிருப்போர் உலகில் 82 கோடியே 60 லட்சம் பேர் என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் 2019-இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. அஸ்ஸாம் மாநிலத்துத் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட எழுநூறுக்கும் அதிகமான தொழிலாளரைக் கொண்டு ஒரு பரிசோதனை நடத்தப்பட்டு, அதன் முடிவுகள் 2018-இல் வெளியாயின. அண்மைப் பார்வைக் கண்ணாடியை இலவசமாகப் பெற்றவர்கள், அதனைப் பெறாதவர்களைக் காட்டிலும் 21.7 சதவீதம் அதிகமாகக் கொழுந்து பறிக்கும் திறனை அடைந்தனர். கொழுந்து பறிப்போருக்கு இதனால் விளையக்கூடிய பயனை எண்ணிப் பார்த்தால், வில்லையின் மேலுள்ள கீறல் எத்தகைய நஷ்டம் என்பது விளங்கும். கீறல் விழுந்த வில்லை ஒளியைச் சிதறடிக்கிறது. எழுத்தின் மேல் பனி படர்ந்தாற்போல் தோன்றுகிறது. மலிவான கண்ணாடி வாங்கியவர் அடுத்ததை உடனே வாங்கக்கூடிய நிலையில் இருப்பதில்லை. மங்கிய வில்லையுடனேயே ஆண்டுகளைக் கழிக்கிறார்.

கண்ணாடியிலிருந்து பிளாஸ்டிக்குக்கு

மூக்குக் கண்ணாடி என்ற பெயர் நிலைத்துவிட்டபோதிலும், இன்று விற்பனையாகும் வில்லைகளில் பெரும்பாலானவை கண்ணாடியால் ஆனவை அல்ல. 1940-இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட ஒரு பிளாஸ்டிக் இம்மாறுதலுக்கு வழிகோலியது. சோதிக்கப்பட்ட கலவைகளுள் முப்பத்தொன்பதாவது ஆனதால் அதற்கு சி.ஆர்.39 என்ற பெயர் ஏற்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது குண்டுவீச்சு விமானங்களின் எரிபொருள் தொட்டிகளில் உபயோகிக்கப்பட்ட இப்பொருள், போர் முடிந்தபின் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று. 1947 முதல் அதிலிருந்து மூக்குக் கண்ணாடி வில்லைகள் வார்க்கப்பட்டன. ஒரு கன சென்டிமீட்டர் கண்ணாடியின் எடை இரண்டரை கிராம், சி.ஆர்.39-இன் எடை 1.3 கிராம். மூக்கின்மேல் நாள் முழுவதும் சுமக்க வேண்டிய பொருளுக்குப் பாதி எடை என்பது பெரிய சலுகையாகும். கீழே விழுந்தாலும் எளிதில் நொறுங்குவதில்லை. பின்னர் வந்த பாலிகார்பனேட் இன்னும் இலேசானது. சம்மட்டி அடியையும் தாங்கும். குழந்தைகளின் கண்ணாடிக்கும், மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரின் தலைக்கவசத்து முகத்திரைக்கும் அது பெரிதும் ஏற்றதே. ஆயினும் அதன் மேற்பரப்பு சாதாரணப் பென்சில் முனைக்கே தோற்றுப் போகும் அளவுக்கு மென்மையானது.

உடையாத பொருள் கீறலுக்கு இரையாகிறது. கீறலை ஓரளவு எதிர்க்கும் பொருள் உடைந்து போகிறது. இவ்விரு குணங்களையும் ஒரே பொருளில் தேடுவதை விடுத்து, உடையாத பிளாஸ்டிக்கின்மேல் கீறலை எதிர்க்கும் மெல்லிய பூச்சு ஒன்றைப் போர்த்துவதே விஞ்ஞானிகள் கண்ட வழி. அப்பூச்சின் கனம் பொதுவாக இரண்டு முதல் ஐந்து மைக்ரோமீட்டர். மனிதத் தலைமயிரின் குறுக்களவில் இருபதில் ஒரு பங்கு என்று கொள்ளலாம்.

பூச்சினுள் என்ன இருக்கிறது?

பூச்சின் ஒரு பாகம் பாலிமர். மற்றொரு பாகம் சிலிகா, அதாவது மணலின் ரசாயனப் பொருளே. மணலால் வரும் தீங்கை மணலைக்கொண்டே தடுக்க முயல்வது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இங்கே உபயோகமாகும் சிலிகாத் துகளின் குறுக்களவு 10 முதல் 20 நானோமீட்டர் மட்டுமே. ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பாகம். இத்துகள்கள் நீரில் மிதந்து நிற்கும் கூழ்மமாகக் கிடைக்கின்றன. அக்கூழ்மத்தின் இயல்புகளை அமெரிக்க ரசாயன அறிஞர் ரால்ப் ஐலர் பல்லாண்டுகள் ஆராய்ந்து, 1955-இல் விரிவான நூலாக வெளியிட்டார்.

துகள் ஏன் அவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும்? முதற்காரணம் ஒளி. கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர். அதனைவிட மிகச் சிறிய துகள் ஒளியை அதிகம் சிதறடிப்பதில்லை. குறுக்களவு பாதியானால் தனித்துகள் ஒன்று சிதறடிக்கும் ஒளி அறுபத்து நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. பதினைந்து நானோமீட்டர்த் துகள்களால் நிரம்பிய பூச்சு தெளிந்த நீர்போல் தோன்றுவதும், அதே அளவு சிலிகாவை மாவாக அரைத்துக் கலந்தால் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுப்பதும் இதனாலேயே.

இரண்டாவது காரணம் மேற்பரப்பு. இங்குதான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள மணல் உருண்டைகளில் ஒரு கிராம் எடுத்துக்கொண்டால், அவற்றின் மேற்பரப்பு எல்லாம் சேர்ந்து சுமார் 23 சதுர சென்டிமீட்டர். ஒரு தீப்பெட்டியின் மேல்தாள் அளவுக்குச் சற்று அதிகம். பன்னிரண்டு நானோமீட்டர் குறுக்களவுள்ள சிலிகா உருண்டைகளில் ஒரு கிராமின் மேற்பரப்போ சுமார் 225 சதுர மீட்டர். கொல்கத்தாவின் சந்துகளில் குளிர்கால இரவுகளில் விளக்கு கட்டி இளைஞர்கள் ஆடும் இறகுப்பந்து ஆடுகளம் ஏறக்குறைய மூன்றின் பரப்பு அது. அத்தகைய துகள் ஒன்றை நோக்க, அது பொருள் என்பதைவிட மேற்பரப்பு என்று சொல்வதே பொருத்தம். அம்மேற்பரப்பு எவ்வாறு நடந்துகொள்கிறதோ அவ்வாறே பூச்சும் நடந்துகொள்ளும்.

சிலிகாவின் மேற்பரப்பு வெறுமையாக இருப்பதில்லை. ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு தொகுதிகள் ஒவ்வொரு சதுர நானோமீட்டரிலும் ஐந்து வீதம் நிற்கின்றன. பன்னிரண்டு நானோமீட்டர் உருண்டை ஒன்றின்மேல் இவை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை. இத்தொகுதிகள் நீரை விரும்புபவை, ஒன்றையொன்றும் பற்றிக்கொள்பவை. பாலிமரின் நீண்ட சங்கிலிகளோ பெரும்பாலும் நீரை விரும்பாதவை. ஆகவே பக்குவம் செய்யாத சிலிகாத் தூளைப் பாலிமரில் கொட்டிக் கலக்கினால், துகள்கள் பாலிமரை நாடாமல் தம்முள் திரண்டு கட்டி கட்டியாகின்றன. கேழ்வரகு மாவைக் கொதிநீரில் திடீரெனக் கொட்டியதுபோல வெளியே கூழ், உள்ளே உலர்ந்த மாவு என்ற நிலை ஏற்படுகிறது.

சாணைக்கல்லும் பூச்சும்

கடினமான துகளைப் பிசினில் பதிப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. கத்தியும் இரத்தினமும் தீட்டுவோர் குருந்தக்கல் பொடியை உருக்கிய அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் செய்வது தொன்றுதொட்டு வந்த வழக்கம். அலுமினியம் ஆக்ஸைடுக் கனியத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் கொரண்டம் என்ற பெயரே குருந்தம் என்ற தமிழ்ச்சொல்லிலிருந்து பிறந்தது. அரக்கு, பூச்சியினால் உண்டாகும் இயற்கைப் பிசின். இக்காலத்துச் சொல்லால் பாலிமர் வகையைச் சார்ந்தது. எனவே சாணைச் சக்கரம் பாலிமரில் கடினத் துகள் பதித்த பழங்காலத்துக் கலப்புப் பொருளே ஆகும்.

ஆனால் அச்சக்கரம் நன்கு வேலை செய்வதன் இரகசியம் என்ன? முனை மழுங்கிய துகள் அரக்கின் பிடியிலிருந்து கழன்று விழுகிறது. அடியிலிருந்து கூரிய புதுத்துகள் வெளிப்படுகிறது. துகள் கழலாவிட்டால் சக்கரம் வழவழப்பாகிப் பயனற்றுப் போகும். பிடிப்பு அளவோடு இருப்பது சாணைக்கல்லுக்குக் குணம். கண்ணாடிப் பூச்சுக்கு அதுவே பெரிய குற்றம். பூச்சிலிருந்து கழன்ற கட்டி ஒன்று துணிக்கும் வில்லைக்கும் நடுவே உருண்டு, வில்லையைக் காக்க வந்ததே அதனை அறுக்கும் அரமாகிவிடுகிறது. பக்குவம் செய்யாத துகளைச் சேர்த்த பூச்சு, துகளே சேர்க்காத பூச்சைவிடச் சில வேளைகளில் விரைவாகத் தேய்வதற்குக் காரணம் இதுவே. கடினம் வேறு, தேய்மானத்தைத் தாங்கும் திறன் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவது கடைவீதியில் மட்டுமன்றிப் பாடநூல்களிலும் காணும் மயக்கம்.

பிடிப்பைத் தருவது எவ்வாறு? இதற்கான வழி வேறொரு துறையிலிருந்து கிடைத்தது. 1940-களில் கண்ணாடி இழைகளைப் பிசினில் பதித்துப் படகுகளும் தகடுகளும் செய்யத் தொடங்கினர். உலர்ந்த நிலையில் உறுதியாக இருந்த அவை நீரில் நனைந்ததும் வலுவிழந்தன. இழைக்கும் பிசினுக்கும் இடையே நீர் நுழைந்து அவற்றைப் பிரித்ததே காரணம். அதற்கு மாற்றாகக் காணப்பட்டவை சிலேன் என்னும் சேர்மங்கள். டௌ கார்னிங் நிறுவனத்தைச் சேர்ந்த எட்வின் ப்ளூடெமன் இத்துறையில் பெயர் பெற்றவர்.

சிலேன் மூலக்கூறின் நடுவே ஒரு சிலிகன் அணு உள்ளது. அதற்கு நான்கு கைகள். மூன்று கைகள் நீர் பட்டவுடன் மாறுதலடைந்து, சிலிகாவின் மேற்பரப்பிலுள்ள தொகுதிகளோடு இணைந்து, நீரை வெளியேற்றி, நிலையான பிணைப்பை உண்டாக்குகின்றன. நான்காவது கை கரிமச் சங்கிலி. அதன் நுனியில் எபாக்ஸித் தொகுதியோ மெதாக்ரிலேட் தொகுதியோ அமைந்திருக்கும். பாலிமர் உருவாகும்போது அது பாலிமரின் ஓர் உறுப்பாகவே பின்னிக்கொள்ளும். பழங்காலத்து வணிகத்தில் இரு மொழி அறிந்த துபாஷி எத்தகைய பணியைச் செய்தாரோ அத்தகைய பணியைச் சிலேன் செய்கிறது. மணலின் மொழியும் அதற்குத் தெரியும். பிசினின் மொழியும் தெரியும்.

இவ்வாறு மேற்பரப்பைப் பக்குவப்படுத்திய துகள்கள் தம்முள் திரளுவதில்லை. ஒவ்வொன்றும் தனித்து நின்று, தன்னைச் சூழ்ந்த பாலிமரோடு எண்ணற்ற பிணைப்புகளால் கட்டுண்டு கிடக்கிறது. உலர்ந்த பூச்சில் இத்துகள்கள் மிக நெருங்கி நிற்பதால் அடுத்தடுத்த துகள்களுக்கு இடையேயுள்ள தூரம் சில நானோமீட்டர்களே. ஐம்பது மைக்ரோமீட்டர் குறுக்களவுள்ள ஒரு புழுதி மணல் அதன்மேல் அழுந்தும்போது, பல்லாயிரம் துகள்கள் ஒருங்கே பாரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. எதுவும் தன் இடத்தைவிட்டுக் கழலுவதில்லை. அழுத்தம் நீங்கியதும் பாலிமரின் நெகிழ்ச்சியால் பூச்சு பழைய நிலைக்கே பெரும்பாலும் மீளுகிறது. உண்மையில் இப்பூச்சின் கடினம் குவார்ட்ஸின் கடினத்தில் பத்தில் ஒரு பங்கை எட்டுவதே அரிது. கல்லைக் கல்லால் எதிர்க்காமல் வளைந்து மீளுவதே இதன் வெற்றி. பெரிய கூரிய மணலை ஓங்கி அழுத்தித் தேய்த்தால் எந்தப் பூச்சும் கீறும். ‘கீறவே கீறாது’ என்று எழுதியிருக்கும் விளம்பரத்தை நம்புவதற்கில்லை.

1976-இல் டௌ கார்னிங் நிறுவனத்தைச் சேர்ந்த ஹெரல்ட் கிளார்க் பெற்ற அமெரிக்கப் பேட்டண்டு இத்தகைய பூச்சுகளுக்கு முன்னோடி எனலாம். நீரிலும் ஆல்கஹாலிலும் கரைந்த சிலேனையும் கூழ்மச் சிலிகாவையும் ஒன்றாக்கி, பிளாஸ்டிக்கின்மேல் பூசிச் சூடேற்றுவதே அம்முறை. 1990-களில் ஜெர்மனியின் சார்புரூக்கென் நகரிலுள்ள புதுப்பொருள் ஆராய்ச்சி நிலையத்தில் ஹெல்முட் ஷ்மிட் குழுவினர், சிலிகாவுக்குப் பதிலாக அலுமினிய வகைத் துகளான போமைட்டையும் எபாக்ஸிச் சிலேனையும் சேர்த்து வில்லைகளுக்கு ஏற்ற பூச்சுகளை உருவாக்கினர்.

யாதவ்பூரில் நிகழ்ந்த ஆராய்ச்சி

லேக் மார்க்கெட்டிலிருந்து கரியாஹாட், டாக்குரியா வழியாகத் தெற்கே சில கிலோமீட்டர் சென்றால் யாதவ்பூர் வருகிறது. அங்கேயுள்ள மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சிக்கூடம் 1950 ஆகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. 1952 முதல் 1966 வரை அதன் டைரக்டராக இருந்த ஆத்மாராம், அக்காலத்தில் அயல்நாடுகளிலிருந்தே வரவேண்டியிருந்த ஒளியியல் கண்ணாடியை இந்நாட்டிலேயே தயாரிக்க வழி கண்டவர். தொலைநோக்கிக்கும் நுண்ணோக்கிக்கும் வேண்டிய அக்கண்ணாடியைச் செய்யும் முறையைச் சில நாடுகள் மட்டுமே அறிந்து இரகசியமாகக் காத்து வந்தன.

கண்ணாடிக்கென ஏற்பட்ட அதே கூடம் பிற்காலத்தில் பிளாஸ்டிக்கைக் காக்கும் பூச்சையும் ஆராய நேர்ந்தது இயல்பான வளர்ச்சியே. உருக்கிச் செய்யும் கண்ணாடியைப் போலன்றி, கரைசலிலிருந்து தாழ்ந்த உஷ்ணத்தில் கண்ணாடியை ஒத்த வலையமைப்பை உண்டாக்கும் முறை சோல்-ஜெல் எனப்படும். 2000-ஐ அடுத்த பத்தாண்டில் கௌதம் தே, அவருடன் பணியாற்றிய சமர் குமார் மெத்தா முதலியோர் இம்முறையால் பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக்குகளின்மேல் கடினப் பூச்சுகளை அமைத்து ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியிட்டனர். அவர்கள் கையாண்ட வழிகளுள் ஒன்று குறிப்பிடத்தக்கது. வெளியே செய்த துகளைக் கொண்டுவந்து கலப்பதற்கு மாறாக, பூச்சுக் கரைசலுக்குள்ளேயே சிலிகாத் துகள் பிறக்குமாறு செய்தனர். பிறக்கும்போதே துகள் பாலிமர் வலையோடு பிணைந்து பிறப்பதால், அது திரண்டு கட்டியாவதற்கு வாய்ப்புக் குறைகிறது. துகளைப் பிறகு பக்குவப்படுத்துவதா, பக்குவத்தோடு பிறப்பிப்பதா என்பதில் ஆராய்ச்சியாளரிடையே இரு வழிகளும் உள்ளன. வியாபார அளவில் முதல் வழியே எளிது. ஐதராபாத்திலுள்ள பொடி உலோகவியல், புதுப்பொருள் ஆராய்ச்சி மையத்திலும் ஆர். சுபாஸ்ரீ முதலியோர் பாலிகார்பனேட்டுக்கு ஏற்ற சோல்-ஜெல் பூச்சுகளை ஆராய்ந்துள்ளனர்.

பூச்சு இடும் முறை பார்ப்பதற்கு எளிது. வில்லையைக் காரநீரில் கழுவி அதன் மேற்பரப்பைத் தயார்செய்கின்றனர். பாலிகார்பனேட்டாயின் முதலில் வேறொரு அடிப்பூச்சுத் தேவைப்படும். பின்னர்க் கரைசலில் மூழ்குவித்து, சீரான வேகத்தில் மெல்ல மேலே தூக்குகின்றனர். வேகம் மிகுந்தால் பூச்சின் கனமும் மிகும். காற்றில் ஒரு தூசி பறந்து வந்து ஒட்டினால், வால்நட்சத்திரம்போல ஒரு வடு நிலைத்துவிடும். எபாக்ஸி வகைப் பூச்சைச் சுமார் 80 முதல் 130 டிகிரி சென்டிகிரேட் வரை சூடேற்றிச் சில மணி நேரம் வைத்து இறுகச் செய்வர். மெதாக்ரிலேட் வகை புற ஊதா ஒளியில் சில விநாடிகளிலோ நிமிடங்களிலோ இறுகிவிடும்.

அளவுதான் கடினம். சிலிகா குறைந்தால் பூச்சு மென்மையாகும். மிகுந்தாலோ இறுகும்போது சுருங்கி வெடிக்கும். சிலேன் குறைந்தால் துகளின் மேற்பரப்பு முழுவதும் மூடப்படாது. மிகுந்தால் உபரிச் சிலேன் தனக்குள்ளேயே இணைந்து கரைசலைக் கெட்டியாக்கும். நீரும் அமிலமும் சேர்க்கும் வரிசை மாறினாலும் பலன் மாறும். ஒரே சூத்திரத்தைக் கையாண்ட இரு தொழிற்சாலைகளில் இரு வேறு தரமுள்ள பூச்சுகள் வருவதில் வியப்பில்லை.

சோதனைகள்

பூச்சின் தரத்தைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது. அதனால் சோதனைகள் பல வகுக்கப்பட்டுள்ளன. மிக எளியது பென்சில் சோதனை. 6பி முதல் 9எச் வரையுள்ள பென்சில்களைக் குறித்த சாய்வில் அழுத்தித் தள்ளி, எந்தப் பென்சில் முதலில் கீறுகிறது என்று காண்பது. இதனைப் பள்ளி மாணவரும் செய்து பார்க்கலாம். டேபர் சோதனையில் உராய்வுப் பொருளாலான இரண்டு சிறு சக்கரங்கள் சுழலும் தட்டின்மேல் பாரத்தோடு உருளுகின்றன. நூறு அல்லது ஐந்நூறு சுற்றுகளுக்குப்பின் பூச்சு எவ்வளவு மங்கியது என்பது ஒளியைக்கொண்டு அளக்கப்படுகிறது. பேயர் சோதனை லேக் மார்க்கெட் வாடிக்கையாளரின் அனுபவத்துக்கு மிக அருகில் வருகிறது. ஒரு தட்டில் பூச்சிட்ட வில்லையையும், பூச்சில்லாத சி.ஆர்.39 வில்லையையும் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தி, மேலே மணல் போன்ற பொடியை நிரப்பி, தட்டை முன்னும் பின்னும் பல நூறு முறை ஆட்டுகின்றனர். பூச்சில்லாத வில்லை மங்கிய அளவைப் பூச்சிட்ட வில்லை மங்கிய அளவால் வகுத்துக் கிடைக்கும் எண்ணே பூச்சின் மதிப்பு. ஒன்று என்றால் பூச்சினால் பயனில்லை என்று பொருள்.

தேய்மானச் சோதனையில் சிறந்து விளங்கும் பூச்சு பிடிப்புச் சோதனையில் தோற்பதும் உண்டு. கூரிய கத்தியால் பூச்சின்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கீறி, ஒட்டுநாடாவை ஒட்டிப் பிய்த்தெடுத்து, எத்தனை கட்டங்கள் உரிந்து வந்தன என்று எண்ணுவர். கொதிநீரில் இட்டு எடுத்தபின் மீண்டும் அதனையே செய்வர். ஈரக் காற்றும் வியர்வையும் நிறைந்த வங்காளம், தமிழ்நாட்டுக் கடற்கரை போன்ற பிரதேசங்களுக்கு இந்த இரண்டாவது சோதனையே முக்கியமானது. நீர்தான் இங்கே பழைய பகைவன்.

வெப்பமும் அவ்வாறே. ஒரே அளவு சூடேறும்போது பிளாஸ்டிக் விரியும் அளவு, சிலிகா விரியும் அளவைப்போல் நூறு மடங்குக்கும் அதிகம். இரண்டுக்கும் நடுவே பூச்சு இழுபடுகிறது. கோடைக்காலத்தில் மூடிய காரினுள் விட்டுவைத்த கண்ணாடியிலும், சட்டத்தை வளைப்பதற்காகச் சூடேற்றும்போது வில்லையும் சேர்ந்து சூடேறிய கண்ணாடியிலும், சிலந்தி வலைபோல் மெல்லிய வெடிப்புகள் தோன்றுவது இதனால். கீறல் என்று பலர் எண்ணும் அது கீறல் அன்று, பூச்சின் வெடிப்பு. துடைத்த துணியின்மேல் பழி போடுவது நியாயமாகாது.

தோசைக்கல்லிலிருந்து ஒரு சான்று

துகளின் மேற்பரப்பே தேய்மானத்தை ஆளுகிறது என்பதற்கு இன்னொரு சான்று சமையலறையிலிருந்து கிடைக்கிறது. உணவு விடுதிகளில் கனமான இரும்புக் கல்லில்தான் தோசை வார்க்கின்றனர். வீடுகளில் ஒட்டாத பூச்சிட்ட கல் பரவியுள்ளது. அப்பூச்சு டெப்லான் என்று வழங்கும் பாலிமர். எதுவும் ஒட்டாமல் வழுக்கும் அப்பொருள் உராய்வில் மிக விரைவாகத் தேய்வது. 2003-இல் அமெரிக்காவின் பிளாரிடா பல்கலைக்கழகத்து கிரெகரி சாயர் குழுவினர், ஏறக்குறைய 40 நானோமீட்டர் அளவுள்ள அலுமினாத் துகளை எடையில் 20 சதவீதம் சேர்த்து அதன் தேய்மானத்தை அறுநூறில் ஒரு பங்காகக் குறைத்தனர். பின்னர்த் துகளின் மேற்பரப்பைப் புளோரின் கலந்த சிலேனால் பக்குவப்படுத்தியபோது, நூற்றுக்கு ஒன்றினும் குறைவான அளவு துகளே பெரும் பலனைத் தந்தது என்பதை அவ்வாராய்ச்சியின் தொடர்ச்சியாக 2009-இல் வெளியான கட்டுரை காட்டிற்று. எதனோடும் ஒட்டாத பாலிமருக்கு அதன் இனத்தையே சார்ந்த சட்டையை அணிவித்துத் துகளை அனுப்பியதாக இதனைக் கருதலாம். ஆயின் இவை ஆராய்ச்சிக்கூடத்தில் உருட்டைகளையும் தகடுகளையும் உரசிக் கண்ட முடிவுகள். சந்தையில் ‘நானோ’ என்று அச்சிட்ட பெட்டியில் வரும் கல்லுக்கெல்லாம் இவை பொருந்தும் எனக் கொள்ளலாகாது. எந்தத் துகள், எவ்வளவு, எவ்வாறு பக்குவமானது என்பதைப் பெட்டி சொல்வதில்லை.

மூக்குக் கண்ணாடி வாங்குவோர் கேட்க வேண்டுவது இன்னும் எளிது: வில்லையின் இரு புறமும் கடினப் பூச்சு உண்டா என்பதே. தெருவோரத்தில் அடுக்கி விற்கும் மலிவான வெள்ளெழுத்துக் கண்ணாடிகளில் பல பூச்சே இல்லாதவை. பூச்சிட்ட வில்லையையும் உலர்ந்த நிலையில் துடைப்பது தகாது. முதலில் குளிர்ந்த நீரில் காட்டி மணலைக் கழுவிவிட்டு, தேவையானால் ஒரு சொட்டுச் சோப்பு நீர் தடவி, மீண்டும் கழுவி, அதன் பிறகே தூய பருத்தித் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். வெந்நீர் கூடாது. சாம்பல், பற்பொடி, பற்பசை ஆகியவற்றால் கீறலைத் தேய்த்துப் போக்கலாம் என்று சிலர் கூறுவது தவறு. அவற்றிலுள்ள உராய்வுத் துகள்கள் சில மைக்ரோமீட்டர் கனமுள்ள பூச்சை முற்றிலும் அகற்றிவிடும். அகன்ற பூச்சை வீட்டிலோ கடையிலோ மீண்டும் இட வழியில்லை. வில்லையையே மாற்ற வேண்டும்.